கேஜிஎஃப் தங்கத்துக்குக் கணக்கு எழுதிய ராணுவ அதிகாரி: யார் இந்த ஜான் வாரன்?

கேஜிஎஃப் என்றதும் யஷ் ஞாபகம் வருபவர்கள் ஒரு பக்கம். ‘எங்க தாத்தா அங்கதான் சுரங்கத்துல வேலை பார்த்தார்’ என்பவர்கள் இன்னொரு பக்கம். நீங்கள் எந்தப் பக்கமாக இருந்தாலும், அந்தத் தங்க வயலின் கதை 1871-ல் மைக்கேல் லவெல் என்ற ஐரிஷ் முன்னாள் சிப்பாயிடமிருந்து தொடங்குவதாகத்தான் பெரும்பாலும் கேட்டிருப்பீர்கள்.

ஆனால் லவெல் கோலாருக்குக் கிளம்பியதே, அவர் படித்த நான்கு பக்கக் குறிப்பு ஒன்றால்தான். அதை எழுதியவர் லெப்டினன்ட் ஜான் வாரன், ராணுவ அதிகாரி. கோலாரில் தங்கம், சென்னையில் தீர்க்கரேகை, புதுச்சேரியில் சந்திர கிரகணம் என்று வாழ்நாள் முழுக்க அளந்துகொண்டே இருந்தவர். கோலாரிலும் புதுச்சேரியிலும் அவர் எழுதிய கணக்குக்குப் பின்னால் வேறு யாரோ செய்த வேலை இருக்கிறது.

அவர் யார், என்ன எழுதினார், அதில் எவ்வளவு சரி, இது கேஜிஎஃப் தமிழர்களுக்கு ஏன் இன்றைக்கும் முக்கியம்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

யார் இந்த வாரன்?

பெயர் ஆங்கிலப் பெயர் மாதிரி இருக்கும். ஆனால் முழுப்பெயர் ஜான் பாப்டிஸ்ட் பிரான்சுவா ஜோசப் தெ வாரன். ஐரிஷ் வேர் கொண்ட பிரெஞ்சுப் பிரபுக் குடும்பம். பிறந்தது 1769-ல், இத்தாலியின் லிவோர்னோவில்.

1789-ல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்ததும் இப்படிப்பட்ட பிரபுக் குடும்பங்கள் பல ஊரைவிட்டுக் கிளம்பின. வாரன் 1790-களில் இந்தியா வந்து பிரிட்டிஷ் ராணுவத்தின் 33-வது படைப்பிரிவில் சேர்ந்தார். பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த ஆர்தர் வெல்லஸ்லி தலைமை வகித்த படை அது. 1799-ல் திப்பு சுல்தான் வீழ்ந்த ஸ்ரீரங்கப்பட்டணம் போரில் வாரனும் இருந்தார்.

போர் முடிந்ததும் வெற்றி பெற்றவர்களுக்கு உடனே தேவைப்பட்டது வரைபடம். எது யார் நிலம், எல்லை எங்கே, வரி எங்கிருந்து வரும் என்று தெரிய வேண்டும் இல்லையா? மைசூர் நிலத்தை அளக்கும் பெரிய பணி காலின் மெக்கன்சி தலைமையில் தொடங்கியது. அதில் உதவியாளராகச் சேர்ந்தார் வாரன். மைசூரின் கிழக்கு எல்லையை அளக்கும் வேலை அவரிடம் வந்தது. கோலார் அந்தப் பக்கம்தான்.

1802-ல் கோலாரில் என்ன நடந்தது?

எல்லையை அளந்துகொண்டிருந்தபோது, இந்தப் பக்கத்து மண்ணில் தங்கம் கிடைக்கிறது என்ற பேச்சு வாரனின் காதில் விழுந்தது. காட்டுபவர்களுக்குப் பரிசு தருவதாக அறிவித்தார். ஊரிகம் பக்கத்து மக்கள் மாட்டு வண்டியில் மண்ணை ஏற்றிக்கொண்டு வந்து, அவர் கண் முன்னாலேயே கழுவி, பொடிப்பொடியாய்த் தங்கத்தைப் பிரித்துக் காட்டினார்கள்.

மாரிகுப்பத்தில் அவர் பார்த்தது இன்னும் ஒரு படி மேலே. அங்கே ஏழைக் குடும்பங்கள் ஏற்கெனவே சின்னச் சின்னக் குழிகள் தோண்டிக் கல்லை எடுத்துக்கொண்டிருந்தன. குழிக்குள் வரிசையாக நின்று, கல் நிரம்பிய கூடையைக் கைமாற்றிக் கைமாற்றி மேலே அனுப்புவார்கள். மேலே பெண்கள் அதைப் பாறையில் வைத்து இடித்துப் பொடியாக்குவார்கள். பிறகு தண்ணீரில் கழுவினால், கனமான தங்கம் அடியில் தங்கும்.

தோண்டு, தூக்கு, இடி, கழுவு. 1880-களில் லண்டனிலிருந்து நீராவி இயந்திரங்களோடு வந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனமும் அடிப்படையில் செய்தது இந்த நான்கு வேலையைத்தான். ஆழமும் வேகமும் மாறின, பாதரசமும் சயனைடும் சேர்ந்தன.

ஆக, வாரன் தங்கத்தைக் ‘கண்டுபிடித்தார்’ என்று எங்காவது படித்தால் அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டாம். அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரிந்ததை அவர் எழுதி வைத்தார். அதுவும் பெரிய வேலைதான். ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

அவர் எழுதிய கணக்கு என்ன சொல்கிறது?

வாரனின் குறிப்பிலிருந்து பரவலாக எடுத்தாளப்படும் எண் இது: சுமார் 56 கிலோ மண்ணைக் கழுவினால் ஒரு கிரெய்ன் தங்கம். ஒரு கிரெய்ன் என்பது 0.065 கிராம்.

இதை இன்றைய அலகில் போட்டுப் பார்த்தால், ஒரு டன் மண்ணுக்குச் சுமார் 1.16 கிராம். ஒரு பவுன், அதாவது 8 கிராம் சேர்க்க, கிட்டத்தட்ட 7 டன் மண்ணை வெட்டி, சுமந்து, கழுவ வேண்டும். எல்லாம் கையால்.

இதை விஞ்ஞானத் தொழில்நுட்பத்தோடு செய்தால் இன்னும் நிறையக் கிடைக்கும் என்று வாரன் நினைத்தார். அது சரியாகவே இருந்தது. ஆழத்தில் இருந்த பாறையில் தங்கம் பல மடங்கு அடர்த்தி. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. 120 ஆண்டுகளில் கேஜிஎஃப் கொடுத்த மொத்தத் தங்கம் 800 டன்னுக்கும் மேல்.

ஆனால் இதெல்லாம் வாரன் காலத்தில் நடக்கவில்லை. அவருடைய குறிப்பு ஏறக்குறைய 70 ஆண்டுகள் தூங்கியது. நியூஸிலாந்தில் மாவோரி போரில் சண்டையிட்டுவிட்டு பெங்களூரு கன்டோன்மென்டில் ஓய்வாக இருந்த லவெல் அதைப் படித்தார். 1873-ல் மைசூர் அரசிடம் அனுமதி கேட்டார். அவரிடம் முதல் போதவில்லை. சில ஆண்டுகளில் உரிமை கைமாறி, கடைசியில் ஜான் டெய்லர் நிறுவனத்திடம் வந்தது. வட ஆற்காடு, சேலம், சித்தூர் பக்கங்களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் சாரை சாரையாக வந்து இறங்கியது அதற்குப் பிறகுதான்.

கோலாருக்குப் பிறகு வாரன் எங்கே போனார்?

சென்னைக்கு. 1802-ல் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து வில்லியம் லாம்ப்டன் தொடங்கிய முக்கோண நில அளவையில் வாரன் உதவினார். 1805-ல், நுங்கம்பாக்கத்தில் இருந்த மெட்ராஸ் வானாய்வகத்தின் பொறுப்பு அவரிடம் வந்தது. வழக்கமான வானியலாளர் ஜான் கோல்டிங்காம் ஊரில் இல்லாத காலம் அது.

அங்கே அவர் செய்த முக்கியமான வேலை, சென்னையின் தீர்க்கரேகையைத் திருத்தி அளந்தது. கிரீன்விச்சிலிருந்து எவ்வளவு கிழக்கே இருக்கிறோம் என்பதுதான் கணக்கு. வாரன் 1807-ல் சொன்ன விடை: 80 பாகை, 17 நிமிடம், 21 நொடி.

இதனால் என்ன என்று கேட்கலாம். லாம்ப்டனின் நில அளவை முழுக்க அந்த ஒரு புள்ளியை ஆதாரமாக வைத்தே நடந்தது. இந்தியாவின் வரைபடமே அதில் தொங்கிக்கொண்டிருந்தது என்று சொல்லலாம். 1905 வரை அந்த எண்தான் புழக்கத்தில் இருந்தது.

பிற்பாடு தந்தி வந்தபிறகு துல்லியமாக அளந்தபோது, விடையில் சுமார் இரண்டரை நிமிடம் அதிகம் என்று தெரிந்தது. தரையில் இது ஏறக்குறைய 4.5 கிலோமீட்டர். அதாவது, வாரனின் எண்ணை இன்றைக்கு உங்கள் மொபைல் மேப்பில் போட்டால், நுங்கம்பாக்கத்துக்குப் பதிலாக மெரினா கடற்கரைப் பக்கம் போய் நிற்கும்!

அன்றைய தொலைநோக்கி, ஊசல் கடிகாரம், நிலவு அட்டவணை இவற்றை வைத்துக்கொண்டு வந்த விடை என்பதால் இதை யாரும் கேலி செய்வதில்லை. ‘அளவீட்டுப் பிழை’ என்று மரியாதையாகக் குறித்துவிட்டு, பழைய வரைபடங்களுக்கு ஒரு திருத்தத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பகுதிக்குத் தேவைப்படும்.

புதுச்சேரியில் சோழி வைத்துக் கணக்குப் போட்டவர் யார்?

1815-ல், பிரான்சில் மன்னராட்சி திரும்பியதும் வாரன் ஊருக்குப் போனார். பிறகு மறுபடி இந்தியா வந்து, பிரெஞ்சுக்காரர்களிடம் திரும்பியிருந்த புதுச்சேரியில் தங்கினார். தென்னிந்தியர்கள் காலத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பதைத் தொகுத்து 1825-ல் ‘கால சங்கலித’ என்ற பெரிய நூலை சென்னையில் வெளியிட்டார். தமிழ்ப் பஞ்சாங்க முறையை ஐரோப்பிய மொழியில் விரிவாக விளக்கிய ஆரம்பகால நூல்களில் ஒன்று அது.

அந்த நூலில் ஒரு பஞ்சாங்கக்காரர் வருகிறார். பெயரை ‘சாமி நாடன் சாஷியா’ என்பது போல எழுதியிருக்கிறார் வாரன். சாமிநாதன் என்பது நமக்குப் புரிகிறது. மீதி, எழுத்துக்கூட்டலில் கரைந்துவிட்டது.

அவர் செய்ததை இன்றைய மொழியில் சொன்னால் இப்படி:

- தரையில் சோழிகளைப் பரப்பி வைத்துக்கொள்வார். ஒவ்வொரு இடத்துச் சோழியும் ஒரு எண். கணக்கு நகர நகரச் சோழியும் நகரும். கணினியின் தற்காலிக நினைவகம் மாதிரி.
- அட்டவணைகள் ஏட்டில் இல்லை, மனதில். எழுத்துக்கு ஒரு இலக்கம் என்று வைத்து, சின்னச் சின்னச் சொற்றொடர்களாக மனப்பாடம் செய்திருப்பார். நிலவின் நாள்வாரி நிலைக்கு மட்டும் இப்படி 248 வாக்கியங்கள் உண்டு. நீங்கள் எக்செல்லில் போடும் ‘லுக்-அப்’ வேலையை அவர் வாய்க்குள்ளேயே முடித்துக்கொண்டார்.
- இந்த இரண்டையும் வைத்து சந்திர கிரகணம் எப்போது பிடிக்கும், எப்போது விடும் என்று சொல்வார்.

இந்த முறைக்கு வாக்கிய முறை என்று பெயர். ‘பாம்புப் பஞ்சாங்கம்’ இந்த வகைதான். சனிப்பெயர்ச்சி 2025 மார்ச் 29-ஆ, இல்லை 2026-ஆ என்று வாட்ஸ்அப் குடும்பக் குழுவில் சண்டை நடந்ததா? 2025 என்றது திருக்கணிதம், 2026 என்றது வாக்கியம். திருநள்ளாறு கோவில் வாக்கியத்தைப் பின்பற்றுகிறது. அந்த முறையின் கிரகணக் கணக்கைத்தான் வாரன் எதிரே உட்கார்ந்து எழுதிக்கொண்டார்.

கணக்கு எவ்வளவு சரியாக வந்தது?

1825 மே 31, ஜூன் 1-க்கு இடைப்பட்ட இரவில் ஒரு சந்திர கிரகணம். சோழிக் கணக்கின் விடையை உண்மையான நேரத்தோடு ஒப்பிட்டால் வித்தியாசம் இவ்வளவு:

- தொடக்கம்: 4 நிமிடம்
- நடு: 23 நிமிடம்
- முடிவு: 52 நிமிடம்

தொடக்கம் அசத்தல், முடிவு சுமார். இன்னொரு தகவலையும் சேர்த்துப் பார்க்கணும். அதற்கு முன்பே, வெள்ளி இடைநகர்வைப் பார்க்கப் புதுச்சேரி வந்த லெ ஜென்டில் என்ற பிரெஞ்சு வானியலாளர் இதே போன்ற ஒரு தமிழ்க் கணக்கைச் சோதித்திருக்கிறார். 1765 ஆகஸ்ட் 30 கிரகணத்தின் மொத்த நேரத்தில், தமிழ்க் கணக்குக்கு 41 நொடிதான் வித்தியாசம். அன்றைக்கு ஐரோப்பாவில் பெயர்பெற்ற டோபியாஸ் மேயரின் அட்டவணைக்கு 68 நொடி.

உடனே ‘பார்த்தீர்களா, நாமதான் பெஸ்ட்’ என்று ஃபார்வர்டு தட்ட வேண்டாம். ஒரு கிரகணத்தில் சரியாக வருவதையோ, இன்னொன்றில் தவறுவதையோ வைத்து ஒரு முறையை எடை போட முடியாது. இரண்டு தரவுப்புள்ளி போக்கு ஆகாது.

இருபதாம் நூற்றாண்டில் இதைக் கையிலெடுத்த கணித வரலாற்றாளர் ஓட்டோ நியூகெபாவரும் துல்லியத்தைப் பெரிதாகப் பேசவில்லை. அவர் வியந்தது தொடர்ச்சியை. 1825-ல் புதுச்சேரித் தரையில் நடந்த கணக்கு, வராகமிகிரர் வழியாக, ரோமானியப் பேரரசு வழியாக, கிமு காலத்து பாபிலோனியக் களிமண் பலகைகள் வரை போகிறது என்று காட்டினார். அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியை நமக்குத் தெரியவைத்தது வாரனின் குறிப்பு.

ஆனால் வாரன் அந்தப் பஞ்சாங்கக்காரரைப் பற்றி என்ன எழுதினார் தெரியுமா? வானியல் கோட்பாடு ஒரு வார்த்தைகூடத் தெரியாதவர், நினைவாற்றல் மட்டும் பெரிது என்கிற தொனியில். தீர்க்கரேகையில் 4.5 கிலோமீட்டர் தள்ளிப் போனவர் வானியலாளர். சோழியில் 4 நிமிடத்துக்குள் தொடக்கத்தைச் சொன்னவர் ‘நினைவாற்றல் உள்ளவர்’. இரண்டும் வேறுவேறு அளவீடு, நேரடியாக ஒப்பிட முடியாது. ஆனால் யாருடைய பிழை விஞ்ஞானமாகிறது, யாருடைய திறமை வெறும் மனப்பாடமாகிறது என்பதை நீங்களே கவனிக்கலாம்.

வாரன் 1830-ல் புதுச்சேரியிலேயே இறந்தார்.

இது கேஜிஎஃப் தமிழர்களுக்கு ஏன் முக்கியம்?

ஏனென்றால், எதை எண்ண வேண்டும் என்று முடிவு செய்கிறவர்கள்தான் வரலாற்றையும் முடிவு செய்கிறார்கள். கேஜிஎஃப்பில் தங்கம் ஆரம்பத்திலிருந்தே கிராம் கணக்கில் எண்ணப்பட்டது. தொழிலாளியின் நுரையீரல்?

பாறையைத் துளைக்கும்போது கிளம்பும் சிலிக்கா தூசி நுரையீரலில் படிந்து வருவது சிலிக்கோசிஸ். மைசூர் அரசு அதற்கு விதிகள் கொண்டுவந்தது 1940-ல். அதே பத்தாண்டில் கேஜிஎஃப் தொழிலாளர்களிடம் நடந்த பெரிய ஆய்வில், சோதிக்கப்பட்டவர்களில் சுமார் 44 சதவீதம் பேருக்கு அந்த நோய் இருந்தது தெரியவந்தது. சுரங்கம் முழுவேகத்தில் ஓடத் தொடங்கி அதற்குள் 60 ஆண்டுகள் ஆகியிருந்தன. தங்கத்துக்கு முதல் நாளிலிருந்து பேரேடு, மூச்சுக்கு 60 ஆண்டு கழித்து ஒரு பட்டியல்.

அந்த மக்கள் சும்மா இருக்கவில்லை, தங்களைப் பற்றித் தாங்களே எழுதினார்கள் என்பதையும் சொல்லணும். அயோத்திதாசரின் பௌத்த இயக்கத்துக்கு மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் வலுவான வேர் இருந்தது. அவர் 1907-ல் சென்னையில் தொடங்கிய ‘தமிழன்’ இதழ், பின்னர் 1926-ல் ஜி. அப்பாதுரையார் பொறுப்பில் கேஜிஎஃப்பிலிருந்து வெளிவந்தது. அயோத்திதாசரின் நூல்களை அச்சிட்டது சாம்பியன் ரீஃபில் இருந்த சித்தார்த்தா புத்தகசாலை. வாரன் ஊருக்கு வந்துபோன ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு, அதே ஊரில் தொழிலாளர் குடியிருப்புகளுக்கு நடுவே ஒரு பதிப்பகம்.

இப்போது என்ன நிலை?

பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டது. வேலை போன குடும்பங்களின் அடுத்த தலைமுறை பங்காருபேட்டை வழியாக பெங்களூருக்கு ரயிலில் போய்வருகிறது. அந்தக் கிளைப்பாதையின் கடைசி ஸ்டேஷன் எது தெரியுமா? மாரிகுப்பம்.

ஊரைச் சுற்றி மலை மாதிரி நிற்கும் சயனைடு மண்மேடுகளை நீங்கள் படங்களில் பார்த்திருப்பீர்கள். தங்கம் எடுத்தபின் கொட்டிய கழிவு அது. சுமார் 3.3 கோடி டன். காற்றடித்தால் தூசி வீட்டுக்குள் வரும். 2024 ஜூனில், இப்படிப்பட்ட 13 மேடுகளில், சுமார் 1,003 ஏக்கரில், மறுபடி தங்கம் பிரித்தெடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது.

அந்தக் கழிவில் மிச்சம் இருக்கும் தங்கம் டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவு என்பது மதிப்பீடு. வாரன் காலத்தில் கையால் கழுவியபோது கிடைத்தது 1.16 கிராம். ஆக, இரண்டு நூற்றாண்டு சுற்றி, கிட்டத்தட்ட அதே கணக்குக்குத் திரும்பியிருக்கிறோம். அன்றைக்குக் கூடை, இன்றைக்கு ஆலை.

இனி இது பற்றி வரும் செய்திகளில் எத்தனை டன் மண், எத்தனை கிலோ தங்கம், எத்தனை கோடி ரூபாய் என்ற எண்கள் கட்டாயம் இருக்கும். அவற்றோடு மூன்று எண்களையும் நீங்கள் தேடுங்கள்: உள்ளூர்க்காரர்களுக்கு எத்தனை வேலை, மேட்டைக் கிளறும்போது காற்றில் எவ்வளவு தூசி, முன்னாள் தொழிலாளர் குடும்பங்களில் எத்தனை பேரின் நுரையீரல் சோதிக்கப்பட்டது. இந்த மூன்றும் செய்தியில் இல்லையென்றால், கணக்கு பாதிதான் எழுதப்பட்டிருக்கிறது என்று அர்த்தம்.